பிளாஸ்மாவின் மஞ்சள்

சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் குழாயை எடுத்து ஒரு நொடி கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அடியில் சிவப்பணுக்கள் கெட்டியாகப் படிந்திருக்கும், மேலே பிளாஸ்மா. அது தெளிந்த மஞ்சளாக இருந்தால் நிம்மதி. பால் கலந்தது போல மங்கியிருந்தால், வெறும் வயிற்றில் வரச் சொன்னவர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். இளஞ்சிவப்பாக இருந்தால், ஊசி குத்தும்போதோ குழாயைக் குலுக்கும்போதோ சிவப்பணு உடைந்திருக்கிறது. மஞ்சளிலும் பல தரம் உண்டு. அந்த நிறத்தில் ஒரு பங்கு பிலிருபின். இன்னொரு பங்கு கரோட்டினாய்டு, அதாவது கீரை, பப்பாளி, மாம்பழம், பூசணி, தக்காளி என்று சாப்பிட்டதெல்லாம் ரத்தத்தில் ஏற்றிவிட்ட சாயம். பல வருடம் பார்த்த கண், மெஷின் சொல்வதற்கு முன்பே பாதியைச் சொல்லிவிடும். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இந்த மஞ்சளை அளப்பதிலேயே போனது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே. கூடவே லூட்டீன், பீட்டா கரோட்டின், லைக்கோபீன் போன்ற கரோட்டினாய்டுகள். இவை எதுவும் தண்ணீரில் கரையாது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உடம்பைச் சுற்றி வர முடியும். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ, அதற்கென்றே கல்லீரல் செய்து அனுப்பும் ஒரு சின்னப் புரதத்தோடு வருகிறது. அந்தச் சின்னப் புரதம் சிறுநீரகத்தில் வடிந்து போய்விடாதபடி டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொன்று அதோடு சேர்ந்துகொள்கிறது. வைட்டமின் ஈ-யும் கரோட்டினாய்டுகளும் கொலஸ்ட்ரால் போகும் எல்.டி.எல்., ஹெச்.டி.எல். துகள்களிலேயே இடம் பிடித்துக்கொள்கின்றன. வைட்டமின் டி-க்கு வேறொரு புரதம். இவற்றையெல்லாம் புரதத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கி, எது எவ்வளவு என்று சொல்வது எங்கள் வேலை.

நான் பிறந்தது கொளத்தூர்ப் பக்கம். மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ், மாநில எல்லையைத் தாண்டும் இடம் பாலாறு. வேலூர்ப் பாலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு. இது மலையிலிருந்து இறங்கி வந்து, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தொடங்கும் பகுதியில் காவிரியோடு சேரும் சின்ன ஆறு. இந்தக் கரை சேலம் மாவட்டம். அந்தக் கரை ஒரு காலத்தில் மைசூர் மாவட்டம். 1997-இல் பிரித்ததிலிருந்து சாமராஜநகர். கடைக்காரர் தமிழில் விலை சொல்லிக் கன்னடத்தில் சில்லறை கேட்பார். மலைக்கு மேலே சோளகர் குடியிருப்புகள். எங்கள் குழு அந்தப் பக்கம் ரத்த முகாம் போட்டபோது என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் கைத்திறமை அல்ல, எனக்கு இரண்டு பாஷையும் வரும் என்பதுதான்.

முகாம் நடந்தது ஓர் அங்கன்வாடியில். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், குழாயைப் பார்த்ததுமே ஒரு அடி பின்னால் போனாள்.

"இம்புட்டு ரத்தம் எடுத்தா பிள்ளை தாங்குமா மேடம்?"

"மூணு மில்லிதாம்மா. ஒரு டீஸ்பூன்கூட நிறையாது."

"எடுத்துட்டு என்ன பண்ணுவீங்க? வித்துருவீங்களா?"

"விக்கிற அளவுக்கு எங்கம்மா இருக்கு? பிள்ளைக்குக் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கான்னு பார்க்கத்தான்."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ராத்திரியில கோழியைக்கூடப் பிடிச்சுட்டு வர்றான்."

இந்தக் கடைசிப் பதிலை நான் உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் போவது மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் திறன். இருட்டிய பிறகு பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா என்று தாயிடம் கேட்பது எந்த மெஷினும் வருவதற்கு முன்பே இருந்த பரிசோதனை. மாலைக்கண் என்ற பெயர் நம் ஊரில் இருக்கிற வரைக்கும் அந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை. அதற்கடுத்த கட்டத்தில் கண் வெள்ளையில் நுரை ஒட்டினாற்போல் ஒரு திட்டு வரும். பிட்டாட் புள்ளி என்பார்கள். அதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்போம்.

எடுத்த ரத்தத்துக்கு மூன்று பகை: வெளிச்சம், சூடு, காற்று. ரெட்டினாலும் கரோட்டினாய்டும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி. நிறத்துக்கும் அதுதான் காரணம், பலவீனத்துக்கும் அதுதான் காரணம். சூரிய ஒளி பட்டால் சங்கிலி வளைந்து வடிவம் மாறும், உடையும். அதனால் ஒவ்வொரு குழாயையும் அலுமினியத் தாளில் சுற்றுவோம். ஐஸ் பெட்டியில் வைப்போம். ஆனால் ஐஸ் நேராகக் குழாயைத் தொடக் கூடாது, தொட்டால் சிவப்பணு உறைந்து உடைந்துவிடும். பாலாற்றிலிருந்து மலையேறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கொள்ளேகால் வழியாக மைசூர் சேர்வது அரைநாள் பயணம். அவ்வளவு நேரம் பிரிக்காத ரத்தத்தைக் குலுக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே சென்ட்ரிஃப்யூஜையும் ஜெனரேட்டரையும் வண்டியிலேயே கொண்டுவந்து, அங்கேயே சுற்றி, பிளாஸ்மாவைச் சின்னக் குப்பிகளில் பங்கு பிரித்து, உலர் ஐஸில் புதைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். டிரைவர் அண்ணனுக்கு ஆற்றங்கரையில் மீன் வறுவல் சாப்பிடாமல் கிளம்ப மனம் வராது. உலர் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கும் மீன் வறுபடும் நேரமும் மோதிக்கொள்ளும்.

மைசூரில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். சாதாரண மைனஸ் 20-இல் வைத்தால் ரெட்டினால் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கரோட்டினாய்டுகள் சில மாதங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். பழைய ஆய்வறிக்கைகளில் எந்த ஃப்ரீசரில் எத்தனை மாதம் வைத்தார்கள் என்ற வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்த வரி இல்லாவிட்டால் கரோட்டினாய்டு அட்டவணையைத் தாண்டிப் போய்விடுவேன்.

அளக்கும் அறையில் வெள்ளை விளக்கு கிடையாது. மஞ்சள் விளக்கு மட்டும். ஜன்னலுக்கும் மஞ்சள் படலம். வெளியே வந்தால் கொஞ்ச நேரம் உலகமே நீலமாகத் தெரியும். உள்ளே, உருகிய பிளாஸ்மாவில் கால் மில்லி அளவுக்கு எடுத்து, எத்தனால் ஊற்றினால் புரதங்கள் வெள்ளையாகத் திரிந்து, பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடும். பிறகு ஹெக்ஸேன். கொழுப்பில் கரைபவை எல்லாம் ஹெக்ஸேனுக்குத் தாவி மேலே மிதக்கும். அந்த மேலடுக்கை, கீழே உள்ள வெண்மை ஒட்டாமல், பிப்பெட்டால் உறிஞ்சி எடுப்பதில்தான் கை தெரியும். இரண்டு முறை இப்படி எடுத்துச் சேர்த்து, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்தி, அடியில் ஒட்டிய மஞ்சள் பூச்சைக் கொஞ்சம் கரைப்பானில் கரைத்து மெஷினுக்குக் கொடுப்போம். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஊதுவது ஆக்ஸிஜன் படாமல் இருக்க. ஹெக்ஸேனில் ஒரு சிட்டிகை பி.ஹெச்.டி. (BHT) போடுவதும் அதற்குத்தான், எண்ணெய் காறிப்போகாமல் இருக்கச் சேர்க்கும் அதே பொருள்.

இத்தனை படிகளில் எங்கேயாவது கொஞ்சம் சிந்தாமல் இருக்காது. அதற்குத்தான் இன்டர்னல் ஸ்டாண்டர்டு. ரத்தத்தில் இயல்பாக இல்லாத, ஆனால் குணத்தில் ரெட்டினாலைப் போன்ற ரெட்டினைல் அசிடேட்டை முதல் படியிலேயே தெரிந்த அளவில் போட்டுவிடுவோம். கரோட்டினாய்டுகளுக்கு எகினெனோன். கடைசியில் அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். நிச்சயமாகப் போகும் என்று ஒப்புக்கொண்டு, போனதைக் கணக்கு வைக்கும் இந்த நேர்மை எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம்.

ஹெச்.பி.எல்.சி. மெஷினைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. பம்ப் ஒரு கரைப்பானை அழுத்தத்தில் தள்ளுகிறது. சாம்பிள் ஒரு எஃகுக் குழலுக்குள், கார்பன் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்காத் துகள்களின் நடுவே ஓடுகிறது. எண்ணெய்த்தன்மை குறைந்தது முதலில் வெளியே வரும், கூடியது கடைசியில். ரெட்டினால் முதலில். பிறகு லூட்டீன், டோக்கோஃபெரால்கள் என்ற வைட்டமின் ஈ வகைகள், கிரிப்டோசாந்தின், லைக்கோபீன், கடைசியில் ஆல்ஃபா, பீட்டா கரோட்டின்கள். ரெட்டினாலை 325 நானோமீட்டரிலும், டோக்கோஃபெராலை 292-இலும், கரோட்டினாய்டுகளை 450-இலும் பார்ப்போம். லூட்டீனும் ஸீயாசாந்தினும் சாதாரணக் குழலில் ஒட்டிக்கொண்டே வரும். முப்பது கார்பன் சங்கிலி வைத்த சி-30 குழல் 1990-களில் வந்த பிறகுதான் இரண்டையும் தைரியமாகத் தனித்தனியே எழுத முடிந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இதற்கு முந்தைய தலைமுறை. அவர்கள் பழகியது கார்-பிரைஸ் முறை, 1926-இல் வந்தது. குளோரோஃபார்மில் கரைத்த ஆன்டிமனி டிரைகுளோரைடை ஊற்றினால் வைட்டமின் ஏ நீலமாகும். அந்த நீலம் சில நொடியில் வெளுத்துவிடும். ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கண்ணால் முள்ளைப் படிக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் கலங்கிப்போகும். மைசூர் மழைக்காலத்தில் அதை எப்படிச் செய்தார்களோ! 1946-இல் பெஸ்ஸியும் லௌரியும் இன்னொரு வழி கண்டார்கள். சாம்பிளை ஒரு முறை அளந்துவிட்டு, புற ஊதா ஒளியில் வைத்து வைட்டமின் ஏ-வை வேண்டுமென்றே அழித்து, மறுபடி அளப்பார்கள். குறைந்ததுதான் வைட்டமின் ஏ. எங்கள் பகையையே வேலைக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம் அது. விரல் நுனி ரத்தம் போதும் என்பதால் ஊர் ஊராகப் போகும் சர்வேக்களுக்கும் ஏற்றதாக இருந்தது. ரெட்டினாலையும் டோக்கோஃபெராலையும் ஒரே ஓட்டத்தில் ஹெச்.பி.எல்.சி.யில் அளக்கும் முறைகள் 1979-வாக்கில்தான் வெளிவந்தன.

வெளியார் யாரும் கேட்காத, ஆனால் எண்ணைத் தீர்மானிக்கிற ஒரு விஷயம் ஸ்டாண்டர்டு. பாட்டிலில் 10 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்று லேபிள் சொல்லும். அதை எடை போட்டுக் கரைத்து, லேபிளை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. திறந்த பிறகு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று லேபிளுக்குத் தெரியாது. கரைசலை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து, ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, எல்லோரும் ஏற்றுக்கொண்ட குணகத்தால் வகுத்தால்தான் உண்மையான அடர்த்தி கிடைக்கும். எத்தனாலில் ரெட்டினாலுக்கு 1850, ஆல்ஃபா டோக்கோஃபெராலுக்கு 75.8, ஹெக்ஸேனில் பீட்டா கரோட்டினுக்கு 2592. இந்த எண்கள் எங்களுக்கு வீட்டு போன் நம்பரைவிட நன்றாக மனப்பாடம். இதையும் தாண்டி, அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் மதிப்புச் சான்றோடு விற்கும் எஸ்.ஆர்.எம். 968 சீரம் உண்டு. அட்லாண்டாவில் உள்ள சி.டி.சி., மதிப்பைச் சொல்லாமல் சீரம் அனுப்பி, நாங்கள் அனுப்பும் எண்ணை மற்ற நாடுகளின் ஆய்வுக்கூட எண்களோடு வைத்துக் காட்டும் திட்டமும் உண்டு. அந்த வரைபடத்தில் நம் புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் நாளில் வாயில் சோறு இறங்காது.

2008 கடைசியிலும் 2009-இலும், மெஷினில் ஓட்டும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் கிடைக்காமல் போனதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது தனியாகத் தயாரிக்கும் பொருள் அல்ல. அக்ரிலோநைட்ரைல் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும்போது கூடவே வருவது. உலகப் பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை படுத்ததும், பிளாஸ்டிக் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்காகச் சீனாவில் ஆலைகள் மூடிக் கிடந்ததும், டெக்சாஸில் புயல் அடித்ததும் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவில் கார் விற்காததால் மைசூரில் வைட்டமின் அளக்க முடியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், நடந்தது அதுதான். விலை பல மடங்கு ஏறியது. நாங்கள் மெத்தனாலுக்கு மாறி, மெஷின் வரைபடத்தில் எழும் எல்லா பீக்குகளுக்கும் மறுபடி இடம் கண்டுபிடித்தோம்.

சரி, எண் வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது?

ரெட்டினாலுக்கு உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருந்தால் குறைபாடு. ஆனால் கல்லீரலில் இருப்பு உள்ள வரைக்கும் உடம்பு ரத்தத்தின் ரெட்டினாலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளும். நேற்று ஈரல் சாப்பிட்டவருக்கும் ஒரு மாதமாக வெறும் களி சாப்பிட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரலாம். இருப்பு வற்றிய பிறகுதான் எண் விழும். அதைவிடத் தொல்லை, காய்ச்சல். சளி, பேதி, அம்மை என்று எந்தத் தொற்று வந்தாலும் கல்லீரல் அந்தச் சின்னப் புரதத்தைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. இருப்பு நிறைய இருந்தும், ஏற்றிச் செல்ல ஆளில்லாமல் ரத்தத்தில் ரெட்டினால் இறங்கிவிடுகிறது. பாலாற்று முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நாளில் எடுத்த ரத்தத்தை மட்டும் வைத்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ இல்லை என்று எழுதுவது எனக்கு உடன்பாடாக இல்லை. ரெட்டினாலோடு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் அளக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டது அதனால்தான். சண்டையில் ஜெயித்தேனா என்பது பட்ஜெட்டைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் மாறியது. 2016–18-இல் நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சி.ஆர்.பி.யையும் சேர்த்தே பார்த்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 சதவீதத்துக்கு வைட்டமின் ஏ குறைவு என்று வந்தது. நாடு தழுவிய எண்ணில் நான் கொஞ்சம் நம்பிக்கையோடு படித்தது அதைத்தான்.

இந்த எண்மீது உலகுக்கு இவ்வளவு அக்கறை வந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. வாரம் ஒரு முறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ; சாப்பாட்டில் கிடைத்திருக்க வேண்டிய அளவுதான், பெரிய டோஸ் இல்லை. ஒரு வருடத்தில் குழந்தை இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய டோஸ் கொடுத்துப் பார்த்த டெவ்டா ஆய்வு 2013-இல் வெளியானபோது, இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஊர் வேறு, காலம் வேறு, டோஸ் கொடுத்த விதம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யார் ஜெயித்தார்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் எடுக்க ஊருக்குப் போகாதவர்கள்.

கரோட்டினாய்டுகள் ரெட்டினாலைப் போல அழுத்தக்காரர்கள் அல்ல. அவற்றின் மட்டத்தை உடம்பு கட்டுப்படுத்துவதில்லை. சில வாரமாக என்ன சாப்பிட்டார்கள் என்பதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். தினமும் தக்காளி ரசம் வைக்கும் வீட்டை லைக்கோபீன் பீக்கில் பார்க்கலாம். பப்பாளிக்குக் கிரிப்டோசாந்தின். கீரைக்கு லூட்டீன். முருங்கைக் கீரையைக் கன்னடத்தில் நுக்கே சொப்பு என்பார்கள், பொன்னாங்கண்ணியை ஹொன்னகொன்னே. இரண்டு பாஷையிலும் கண்ணுக்கு நல்லது என்ற ஒரே பேச்சுதான். கேள்விப் படிவத்தில் "வாரத்துக்கு எத்தனை நாள் கீரை?" என்று கேட்டால் எல்லோரும் நம்மைத் திருப்திப்படுத்த "தினமும்தான்" என்பார்கள். லூட்டீன் பீக்குக்கு அந்த மரியாதை தெரியாது. மலைமேல் உள்ளவர்கள் காட்டில் பறிக்கும் கீரைகளுக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது. அதையும் அந்த பீக்தான் சொல்லும்.

ஆனால் கீரையில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்கு வந்துவிடாது. 1995-இல் லான்செட் இதழில் ஓர் இந்தோனேசிய ஆய்வு வந்து எங்கள் வட்டாரத்தையே கலக்கியது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மூன்று மாதம் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்தும் வைட்டமின் ஏ நிலை உயரவில்லை. பீட்டா கரோட்டின் சேர்த்த வேஃபர் கொடுத்தவர்களுக்கு உயர்ந்தது. கீரை உயிரணுவுக்குள் புரதத்தோடு பின்னிக் கிடக்கும் கரோட்டினை நம் குடல் முழுவதுமாகக் கழற்றி எடுப்பதில்லை. 2001-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், உணவில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருந்தால்தான் ஒரு மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமம் என்று கணக்கை மாற்றியது. அதற்கு முன் 6 என்று வைத்திருந்தார்கள். ஒரே இரவில் உலகத்துக் கீரையெல்லாம் பாதிச் சத்தை இழந்தது போல ஆனது.

மைசூரில் இருந்த எங்களுக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கம். செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கிய உணவு ஆய்வு நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் நம் ஊர்க் கீரைகளில் லூட்டீன், பீட்டா கரோட்டின் எவ்வளவு என்று ஹெச்.பி.எல்.சி.யில் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கூடவே என்ன எண்ணெய் சேர்கிறது என்பதைப் பொறுத்து லூட்டீன் ரத்தத்தில் ஏறுவது மாறுவதை எலிகளிடம் காட்டியிருக்கிறார்கள். பாலாற்றுப் பக்கம் நான் பார்த்த அடுப்புகளில் கீரை நிறைய இருந்தது, எண்ணெய்தான் சொட்டாக விழுந்தது. கீரை சாப்பிடுங்கள் என்று போதிக்க வரும் யாரும் எண்ணெய் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று 1980-களில் பல ஆய்வுகள் சொன்னன. உடனே மாத்திரை. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறி, பழம் சாப்பிட்டு வாழ்ந்த ஒரு வாழ்க்கைக்கு ரத்தத்தில் அடையாளமாக நின்ற பொருளையே காரணம் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை. இதை நான் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன், பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் முன்னால்.

வைட்டமின் டி-க்கு வேறு கதை. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98-இல் சேர்ந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அதை அளந்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இருந்தது. முடிவு 2009-இல் வெளியானது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊர். வெயில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வரவில்லை, மெஷின்மீது சந்தேகப்பட்டார்கள். டி-யில் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது, ஒரே ரத்தத்துக்கு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறு எண் வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் பொதுவான ஸ்டாண்டர்டும் வந்த பிறகு சச்சரவு அடங்கியது, மைசூர்ப் பெண்களின் குறைபாடு அடங்கவில்லை. வைட்டமின் ஈ-யைத் தனியாகப் படிக்கவே கூடாது. கொலஸ்ட்ரால் கூடினால் அதுவும் கூடும், ஆகவே இரண்டின் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். வைட்டமின் கே ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருக்கும். அதை அளந்த நாட்களை நான் நினைக்க விரும்புவதில்லை.

முகாம் முடிந்து சில மாதம் கழித்து ரிப்போர்ட் கொடுக்கப் போனோம். அங்கன்வாடி டீச்சர் பெயர் வாசிக்க, நான் விளக்கம் சொன்னேன். கோழி பிடிக்கும் பையனின் ரெட்டினால் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது, சி.ஆர்.பி. கூடுதல், லூட்டீன் நன்றாக இருந்தது. அவன் அம்மா கேட்டாள், "அப்போ பிள்ளைக்குச் சத்து இருக்கா, இல்லையா மேடம்?"

"அன்னைக்கு அவனுக்குச் சளி இருந்ததும்மா. அதனால எண்ணு கீழ இறங்கியிருக்கும். கீரை நல்லாப் போட்டிருக்கீங்க, அது தெரியுது. கொஞ்சம் எண்ணெய் கூட ஊத்துங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கிற சொட்டு மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

"இதைச் சொல்லவா அத்தனை ரத்தம்?"

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் யூனிட் என்று அரசு எப்படியும் கொடுக்கிறது. 1970-இலிருந்து நடக்கும் திட்டத்தின் இன்றைய வடிவம் அது. எங்கள் எண் அந்த ஒரு பையனுக்கு எதையும் மாற்றப் போவதில்லை. நூற்றுக்கணக்கான பையன்களின் எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், அந்தத் திட்டம் இந்த ஊருக்கு இனியும் வேண்டுமா, எந்த ஊருக்கு வேண்டாம் என்று யாராவது முடிவு செய்ய முடியும். அதை அவளிடம் சொன்னேன். "அப்ப சரி, ஊருக்குன்னா எடுத்துக்கங்க" என்றாள்.

இப்போது வரும் பிள்ளைகள் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, ரெட்டினாலைச் சுமக்கும் அந்தச் சின்னப் புரதத்தையே எலைசாவில் அளந்துவிடுகிறார்கள். ஒரு ரெட்டினாலுக்கு ஒரு புரதம் என்பதால் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வெளிச்சத்துக்கும் பயப்பட வேண்டாம். அதே சொட்டில் சி.ஆர்.பி.யும் ஃபெரிட்டினும் வந்துவிடும். பெரிய சர்வேக்கு அது போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், விலையும் குறைவு. ஆனால் கரோட்டினாய்டுக்கு அப்படி ஒரு சுமக்கும் புரதம் இல்லை, அட்டையில் உலர்த்திய ரத்தத்தில் அது நிற்பதும் இல்லை. மலைமேல் என்ன கீரை வேகிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஊசி, அலுமினியத் தாள், உலர் ஐஸ், மைனஸ் 80 எல்லாம் வேண்டும். சமீபத்தில் ஒரு திட்ட வரைவில் செலவைக் குறைக்கக் கரோட்டினாய்டு வரியை அடித்துவிட்டு என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அடித்த வரியை மறுபடி எழுதி, அதற்குக் கீழே ஒரு லிட்டர் எண்ணெயின் விலையையும் குறித்து அனுப்பினேன்.